ஜப்பானிய மேனேஜருக்கு மரியாதையாக நன்றி சொல்வது எப்படி? நேரில், மின்னஞ்சலில், வழியனுப்பும்போது

தீவுக்காரன் (பினாங்கு):

அனைவருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். எங்கள் பிரிவின் ஜப்பானிய மேனேஜர் மொரி 3 ஆண்டுப் பணி முடிந்து இந்த மாதக் கடைசியில் ஊர் திரும்புகிறார். மெஷின் செட்டிங் முழுவதையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு அவருடைய மொழியிலேயே ஒழுங்காக நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு என்5 அளவு (ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலை) ஜப்பானியம்தான் தெரியும். ‘அரிகதோ கொஸைமஸ்’ சொல்வேன். ‘கொஸைமஸ்’ எங்கே, ‘கொஸைமஷ்த’ எங்கே என்பதில் குழப்பம் உண்டு. அரிகதோவைவிட மரியாதையான சொல் இருக்கிறதா? மின்னஞ்சலில் எப்படி எழுதுவது? எல்லாரும் சேர்ந்து ஒரு பரிசு கொடுக்கலாம் என்றும் பேச்சு ஓடுகிறது, அதில் எதைத் தவிர்க்க வேண்டும்? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். முடிந்தவரை தமிழ் எழுத்திலேயே எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய_மொழிபெயர்ப்பாளர் (கோலாலம்பூர்):

தம்பி, முதலில் ‘இன்னும் பெரிய சொல்’ தேடுவதை விட்டுவிடுங்கள். மேனேஜரிடம் நேரில் பேச ‘அரிகதோ கொஸைமஸ்’ முழு மரியாதையுள்ள சொல்தான். மரியாதை கூடுவது அதற்கு முன்னால் என்ன வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அவர் செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லி, அது அவரிடமிருந்து உங்களுக்குக் கிடைத்தது என்று காட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்வது ‘இததகி’.

‘ஒஷிஎதெ’ என்றால் கற்றுக்கொடுத்து. ‘ஒஷிஎதெ இததகி, அரிகதோ கொஸைமஷ்த’ என்றால் ‘நீங்கள் கற்றுக்கொடுக்கப் பெற்றேன், நன்றி’ என்ற பணிவு வந்துவிடும். இதே அச்சில் எதையும் போடலாம். உதவிக்கு ‘தெத்ஸுதத்தெ இததகி’. நேரம் ஒதுக்கியதற்கு ‘ஒஜிகன் ஒ இததகி’. சக ஊழியரிடம், நண்பரிடம் என்றால் ‘ஒஷிஎதெ குரெதெ அரிகதோ’ போதும். இந்தக் ‘குரெதெ’யை மேனேஜரிடம் கொண்டுபோகாதீர்கள். பின்னால் கொஸைமஸ் ஒட்டியிருந்தாலும் நடுவில் இருக்கும் குரெதெ சமவயதுக்காரர் பேச்சாகவே காதில் விழும்.

கொஸைமஸ், கொஸைமஷ்த பற்றி: காரியம் நடந்து முடிந்துவிட்டது என்றால் மஷ்த. பயிற்சி முடிந்தது, விருந்து முடிந்தது, 3 ஆண்டு முடிந்தது, எல்லாமே மஷ்த. கையில் ஒரு பொருளை இப்போது வாங்குகிறீர்கள், பாராட்டு இப்போது கிடைக்கிறது, பதில் மின்னஞ்சல் வந்திருக்கிறது என்றால் மஸ். நடந்து முடிந்ததற்கு மஸ் சொன்னாலும் பிழை ஆகாது, ஏனென்றால் நன்றியுணர்வு இன்னும் இருக்கிறது. ஆனால் வழியனுப்பும் நாளில் மஷ்ததான் பொருந்தும்.

வழியனுப்பும்போது தவறாமல் சொல்ல வேண்டிய இன்னொரு தொடர் ‘தய்ஹென் ஒஸெவ நி நரிமஷ்த’. இத்தனை காலம் உங்கள் கவனிப்பில் இருந்தேன் என்ற பொருள். பணி மாறிப் போகிறவரிடம் ஜப்பானியர்கள் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான், அரிகதோ இதற்குப் பின்னால் வரும். விடைபெறும்போது ‘ஸயோனர’ வேண்டாம். அலுவலகத்தில் மேலவரிடம் அது ஒட்டாது. ‘தோஸொ ஒகெங்கி தெ’ என்று முடியுங்கள்.

சொல்லக்கூடாதவை சில உண்டு. ‘தோமொ’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், அது மேலவர் கீழவருக்குச் சொல்லும் பாங்கு. வேலை முடிந்ததும் ‘கொகுரோஸம’ என்பதும் மேலிருந்து கீழே போகும் சொல்தான். மேனேஜரிடம் ‘ஒத்ஸுகரெஸம தெஷ்த’ சொல்லுங்கள். ‘ஸன்கோ நி நரிமஷ்த’ என்றால் ‘உங்கள் கருத்தையும் பார்த்துக்கொண்டேன்’ என்ற தொனி. மேலவரிடம் ‘பென்க்யோ நி நரிமஷ்த’, அதாவது எனக்குப் பாடமாக இருந்தது என்று சொல்வதே முறை. அதேபோல் ‘நீங்கள் நன்றாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள்’ என்று அவருடைய திறமைக்கு மதிப்பெண் போடாதீர்கள். நமக்கு அது பாராட்டு. அங்கே மாணவன் ஆசிரியரை எடைபோடுவதாக ஆகிவிடும். உங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் பேசுங்கள்.

குறில்நெடில் (கிள்ளான்):

மேலே சொன்னவர் தொடர்களைச் சரியாகக் கொடுத்துவிட்டார். நான் உச்சரிப்பை மட்டும் சொல்கிறேன். தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வதில் பெரிய பள்ளம் இங்கேதான் இருக்கிறது.

தமிழர்களுக்கு ஜப்பானிய ஒலிக்கணக்கு புதிதே அல்ல. நம் மாத்திரைக் கணக்குதான். குறில் 1, நெடில் 2. அ-ரி-க-தோ என்பது 1+1+1+2, மொத்தம் 5 மாத்திரை. ‘தோ’வைக் குறுக்கி ‘தொ’ என்றால் அரைகுறையாகக் கேட்கும். கொ-ஸை-ம-ஸு என்பதும் 5தான், ‘ஸை’ 2 மாத்திரை. ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள்: தமிழில் ஒற்றுக்கு அரை மாத்திரை, ஜப்பானியத்தில் முழு மாத்திரை. ‘நத்தெ’யில் வரும் த் மேல் ஒரு முழுத் தட்டு நிற்க வேண்டும். ‘ஸென்ஸெய்’யில் ன், ய் இரண்டுக்கும் தனித்தனித் தட்டு, மொத்தம் 4. கையால் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், இரண்டு நாளில் பிடிபடும்.

அடுத்தது வல்லினம். தமிழில் சொல்லின் முதலில் வரும் க வலித்து ஒலிக்கும், நடுவில் வருவது மெலியும். அதே பழக்கத்தில் படித்தால் எல்லாம் தலைகீழாகும். கொஸைமஸில் முதல் எழுத்து மலாயில் ‘குரு’ என்று சொல்லும்போது வரும் மெல்லொலி. ஸை என்பது ‘பஸார் ரமலான்’ என்பதில் வரும் அதிர்வுள்ள ஸ. நம் ஆட்கள் பலர் இரண்டையும் வலித்துச் சொல்வதால் வேறு ஏதோ சொல்போல் ஆகிவிடுகிறது. அரிகதோவில் நடுவில் வரும் க மெலிந்தது, அது தானாகச் சரியாக வரும். ஆனால் தோ வலிந்தது. நாம் நடுவில் வருகிறது என்று மெலித்துவிடுவோம். பயந்து ‘அரிகத்தோ’ என்று இரட்டித்தாலும் ஒரு மாத்திரை கூடிவிடும். இரட்டிக்காமல் வலியுங்கள். ‘இததகி’யில் முதல் த வலிந்தது, இரண்டாவது ‘தேவி’யில் வருவது போல மெலிந்தது. ‘ட’ எங்கேயும் வேண்டாம், நாக்கு மேலண்ணத்துக்கு மடியவே கூடாது.

கொஸைமஸ் முடிவில் உள்ள ஸு நம் குற்றியலுகரம் போல உதடு குவியாமல், கிட்டத்தட்ட ஒலியே இல்லாமல் கரைய வேண்டும். ‘மஷித’வில் உள்ள ஷி-யும் அப்படியே, அதனால்தான் இங்கே எல்லாரும் மஷ்த என்று எழுதுகிறார்கள். ஏற்ற இறக்கம் வேண்டுமானால்: அரிகதோவில் ‘ரி’யில் உயர்ந்து அதன்பின் இறங்கும். கொஸைமஸில் ‘ம’ வரை உயரத்தில் நின்று பிறகு இறங்கும்.

இந்த இழையில் தமிழில் எழுதுவது பார்த்துச் சொல்ல ஒரு பிடிமானம், அவ்வளவுதான். என்5 வந்துவிட்டீர்கள் என்றால் ஹிரகன என்ற ஜப்பானிய அடிப்படை எழுத்து தெரியும் அல்லவா, துண்டுச்சீட்டில் ஹிரகனவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தீவுக்காரன்:

மிக்க நன்றி அண்ணே. மேசையைத் தட்டிப் பார்த்தேன், நத்தெ இப்போதுதான் புரிந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். ‘சுமிமஸென்’ என்பதையும் நன்றிக்கு அவர்கள் சொல்கிறார்களே, அதை நான் எப்போது சொல்லலாம்? யாராவது எனக்கு நன்றி சொன்னால் மலாயில் ‘ஸாமா-ஸாமா’ என்று வருவது போல ‘தோ இதஷிமஷ்தெ’ சொன்னால் சரியா?

மின்மினி (பெட்டாலிங் ஜெயா):

தம்பி, சுமிமஸென் மற்றவருக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்ற இடத்தில் வருவது. லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டார், கீழே விழுந்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார், உங்களுக்காக ஒரு நிமிடம் நின்றார், இதற்கெல்லாம் சுமிமஸென். மேனேஜரிடம் அதை மட்டும் சொல்லி விடாமல் ‘சுமிமஸென், அரிகதோ கொஸைமஸ்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளர், வெளி நிறுவனத்தார் என்றால் ‘ஒஸொரெஇரிமஸ்’ வரும். அது தொழிற்சாலைத் தளத்தில் கொஞ்சம் மிடுக்காக இருக்கும், உங்களுக்கு அவசியமில்லை. பெரிய உதவி, மனமார்ந்த நன்றி என்றால் சுமிமஸென் பக்கமே போகாதீர்கள். அங்கே அரிகதோதான்.

‘தோ இதஷிமஷ்தெ’ தப்பில்லை, ஆனால் மேனேஜர் நன்றி சொல்லும்போது அதைச் சொன்னால் ‘ஆமாம், நான் செய்தேன்தான்’ என்று ஏற்றுக்கொள்வது போலச் சிலர் காதில் படும். ஸாமா-ஸாமா பழக்கத்தில் வாயில் உடனே வந்துவிடும், அடக்கிக்கொள்ளுங்கள். ‘இஎ இஎ, தொன்தெமொனை தெஸ்’ என்று மறுப்பது ஒரு வழி. ‘கொச்சிர கொஸொ, அரிகதோ கொஸைமஸ்’, அதாவது நான்தான் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு வழி. வேலை தொடர்பாக என்றால் ‘ஒயகு நி ததெதெ யொகத்த தெஸ்’, உதவியாக இருந்ததில் மகிழ்ச்சி. மூன்றில் ஒன்றைப் பழகிக்கொண்டால் போதும்.

‘தொன்தெமொ கொஸைமஸென்’ தவறு என்று சில பழைய ஆசிரியர்கள் திருத்துவார்கள். ஜப்பானின் பண்பாட்டு மன்றம் 2007இல் வெளியிட்ட மரியாதைப் பேச்சு வழிகாட்டி அது பாராட்டை மென்மையாக மறுக்கப் பயன்படுத்தத் தக்கதே என்று சொல்லிவிட்டது. யாராவது சொல்லக் கேட்டால் குழம்ப வேண்டாம்.

வணங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பழக்கத்தில் கை கூப்புவோம், அல்லது மலாய்க்காரர் போல நெஞ்சில் கை வைப்போம். அங்கே கை கூப்புவது சாப்பாட்டுக்கு முன்னும் கோயிலிலும். நன்றிக்கு இடுப்பிலிருந்து குனிவதுதான். நடைபாதையில் கடந்துபோகும்போது சுமார் 15 பாகை, மேலவருக்கு மரியாதையாக 30, ஆழ்ந்த நன்றிக்கு 45. முதுகு நேராக இருக்க வேண்டும், தலை மட்டும் தொங்கக் கூடாது. ஆண்கள் கையைக் கால்சட்டையின் பக்கத் தையலோடு ஒட்டி வைப்பார்கள், பெண்கள் முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். முக்கியமாக, பேசிக்கொண்டே குனியாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லி முடித்து, அதன் பிறகு குனிந்து, ஒரு கணம் நிறுத்தி, குனிந்ததைவிட மெதுவாக நிமிர வேண்டும். இந்த வரிசையில் செய்தாலே உங்கள் என்5 ஜப்பானியத்துக்கு இரு மடங்கு கனம் கிடைக்கும்.

இன்னொன்று, நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது. ஜப்பானியர்கள் ஒரே உதவிக்கு இரண்டு முறை நன்றி சொல்வார்கள். மேனேஜர் நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தார் என்றால் கடையை விட்டு வெளியே வந்ததும் ‘கொச்சிஸோஸம தெஷ்த’. மறுநாள் காலை பார்த்ததும் ‘கினோ வ கொச்சிஸோஸம தெஷ்த’. சில நாள் கழித்துப் பார்க்கிறீர்கள் என்றால் ‘ஸென்ஜித்ஸு வ அரிகதோ கொஸைமஷ்த’. அன்றைக்கே சொல்லியாயிற்றே என்று இரண்டாவதை விட்டுவிட்டால் மறந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

பழைய_மொழிபெயர்ப்பாளர்:

மின்மினி சொன்ன இரண்டாவது நன்றிக்கு என் முழு வழிமொழிதல். மின்னஞ்சலைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதை நான் எழுதுகிறேன்.

தலைப்பில் வெறும் நன்றி என்று போடாமல் எதற்கான நன்றி, யாரிடமிருந்து என்பது தெரிய வேண்டும்: ‘கொஷிதோ நொ ஒரெய்’, அதாவது வழிகாட்டலுக்கு நன்றி, பக்கத்தில் உங்கள் பிரிவும் பெயரும். முதல் வரியில் அவர் பெயர், அதோடு மரியாதை ஒட்டு. மலேசியக் கிளைகளில் எல்லாரும் ‘-ஸன்’ என்றே அழைப்பதால் அதுவே போதும். வெளி நிறுவனத்தாருக்கு எழுதினால் ‘-ஸம’. அடுத்த வரி ‘ஒத்ஸுகரெஸம தெஸ்’, பிறகு உங்கள் பிரிவு, பெயர். வெளியாருக்கு என்றால் இந்த இடத்தில் ‘ஒஸெவ நி நத்தெ ஒரிமஸ்’ வரும்.

அதற்குப் பின் நன்றி வாக்கியம். பிறகு அவரிடம் கற்ற ஒரே ஒரு குறிப்பான விஷயம். இதில்தான் மின்னஞ்சலின் உயிர் இருக்கிறது. ‘நிறையக் கற்றேன்’ என்பது யாரும் யாருக்கும் எழுதலாம். ‘அச்சு மாற்றும்போது முதல் 5 துண்டுகளையும் அளந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் காட்டியதை இப்போதும் தினமும் செய்கிறேன்’ என்பது நீங்கள் மட்டும் எழுதக்கூடியது. அந்த வரிக்கு உங்கள் ஜப்பானியம் போதவில்லை என்றால் அதை மட்டும் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், அவர் வரவேற்பார். கடைசியில் அவருடைய புதிய பணி சிறக்க ஒரு வரி, பிறகு கையொப்பம். வரிகள் நீளக் கூடாது, 25, 30 எழுத்தில் உடைப்பது அவர்கள் வழக்கம்.

‘கன்ஷ மோஷியகெமஸ்’, ‘அத்ஸுகு ஒன்ரெய் மோஷியகெமஸ்’ போன்றவை அன்றாடப் பேச்சில் வராதவை. அறிவிப்பு, நிறுவனக் கடிதம், மேடை உரை. ஒரு டெக்னீஷியன் தன் மேனேஜருக்கு எழுதும்போது ஒரே ஒரு இடத்தில் ‘கன்ஷ ஷிதெ ஒரிமஸ்’ போட்டால் நிறைவு. எல்லாவற்றையும் அடுக்கினால் நன்றி தெரியாது, அகராதிதான் தெரியும். ‘கன்ஷ ஸஸெதெ இததகிமஸ்’ என்று இணையத்தில் பார்த்தால் ஒதுக்கிவிடுங்கள். அந்த ‘ஸஸெதெ இததகு’ ஒருவருடைய அனுமதியோடு செய்வதற்கு. நன்றி உணர யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

கெய்கோ_ஆர்வலர் (பினாங்கு):

ஒரு சிறு மாற்றுக்கருத்து. ‘இததகி’ மட்டுமே சரி என்ற எண்ணம் தம்பிக்கு வந்துவிடக் கூடாது. ‘ஒஷிஎதெ குதஸரி, அரிகதோ கொஸைமஷ்த’ என்பதும் அதே அளவு மரியாதைதான். பேச்சில் அது ‘குதஸத்தெ’ என்று வரும். நீங்கள் தந்தீர்கள் என்று கொடுத்தவரை முன்னால் நிறுத்துவது குதஸரி. நான் பெற்றேன் என்று தன்னைத் தாழ்த்திக்கொள்வது இததகி. நன்றியின் நாயகர் கொடுத்தவர்தானே, ஆகவே குதஸரிதான் பொருத்தம் என்பவர்களும் உண்டு. அதே 2007 வழிகாட்டி இததகியோடு நன்றி சொல்வதையும் ஏற்றுக்கொள்கிறது. நேரில் மனமுருகிப் பேசும்போது குதஸத்தெ சற்று இதமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எதை எடுத்தாலும் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். பலர் சறுக்கும் இடம் இது. இததகி என்றால் ‘மொரி-ஸன் நி ஒஷிஎதெ இததகி’. குதஸரி என்றால் ‘மொரி-ஸன் க ஒஷிஎதெ குதஸரி’. ‘மொரி-ஸன் க ... இததகி’ என்று கலந்தால் பெற்றவரும் கொடுத்தவரும் இடம் மாறிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் பெயரையே விட்டுவிடுங்கள். நேருக்கு நேர் பேசும்போது யார் யாருக்குச் செய்தார் என்பது இததகியிலேயே தெரிந்துவிடும், ஜப்பானியரும் அப்படித்தான் விடுவார்கள். எதிர்த்திசைக்கும் ஒரு எச்சரிக்கை: நீங்கள் மேனேஜருக்கு உதவும்போது ‘தெத்ஸுதத்தெ அகெமஸ்’ என்று சொல்லவே கூடாது, உதவியைத் தானமாக நீட்டுவது போல இருக்கும். ‘ஒதெத்ஸுதஇ ஷிமஸ்’ என்று சொல்லுங்கள்.

ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது. அதனால் அடுத்த நிலையான என்4 முடித்தவர்கள்கூட இந்தத் தொடர்களை வாயால் சொல்லிப் பழகாமலே இருக்கலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு மிட் வேலியில் ஜப்பான் அறக்கட்டளை இருக்கிறது. தீவில் இருப்பவர்கள் தொழிற்சாலையிலேயே ஒரு ஜப்பானியரிடம் தினம் இரண்டு நிமிடம் சொல்லிக் காட்டலாம்.

பரிசு விஷயம். விலை உயர்ந்த ஒன்றை வாங்கிவிடாதீர்கள். கிடைத்ததில் ஏறக்குறைய பாதி மதிப்புக்குத் திருப்பித் தருவது அவர்கள் வழக்கம், பெரிய பரிசு அவருக்குச் சுமையாகும். கத்தி, சீப்பு, கைக்குட்டை, காலணி, காலுறை வேண்டாம். 4, 9 என்ற எண்ணிக்கையில் வேண்டாம். ஜாதிக்காய்ப் பண்டம், வெள்ளைக் காப்பி போன்றவை நல்லது, அதுவும் தனித்தனியாகச் சுற்றப்பட்டவை என்றால் ஊரில் தன் அலுவலகத்தில் பகிர்ந்து கொடுப்பார். இறைச்சி கலந்த எதையும், புதிய பழத்தையும் கொடுக்காதீர்கள், ஜப்பான் விமான நிலையச் சோதனையில் அவரைச் சிக்கலில் மாட்டிவிடும். இரு கையாலும் கொடுங்கள். உடனே பிரிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

அதைவிட நல்லது ஒன்று உண்டு: யொஸெககி. ஷிகிஷி என்ற தடித்த, கிட்டத்தட்டச் சதுரமான அட்டை, ஏறத்தாழ 24க்கு 27 சென்டிமீட்டர். நடுவில் அவர் பெயர், சுற்றிலும் ஒவ்வொருவரும் இரண்டு வரியும் கையொப்பமும். முதலில் பென்சிலால் இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதலில் எழுதும் நான்கு பேர் பாதி அட்டையை எடுத்துக்கொள்வார்கள். சிவப்பு மை வேண்டாம். தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் அவரவர் எழுதட்டும். 15 பேர் வரை ஒரு அட்டை தாங்கும்.

தீவுக்காரன்:

யொஸெககி யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நான் நேரில் சொல்ல எழுதி வைத்திருப்பது இது. திருத்தித் தாருங்கள்:

‘மொரி-ஸன், 3 நென்கன் ஒஷிஎதெ குரெதெ அரிகதோ கொஸைமஸ். ஸன்கோ நி நரிமஷ்த. ஸயோனர.’

பழைய_மொழிபெயர்ப்பாளர்:

எலும்புக்கூடு சரிதான் தம்பி, தசைதான் மாற வேண்டும். இப்படிச் சொல்லுங்கள்:

‘மொரி-ஸன், ஸன்னென்கன், தய்ஹென் ஒஸெவ நி நரிமஷ்த. தெய்னெய் நி ஒஷிஎதெ இததகி, ஹொன்தோ நி அரிகதோ கொஸைமஷ்த. தோஸொ ஒகெங்கி தெ.’

குரெதெ போய் இததகி வந்தது. மஸ் போய் மஷ்த வந்தது. தெய்னெய் நி என்றால் அக்கறையாக, பொறுமையாக. அது திறமையை எடைபோடுவதில்லை, அதனால் தாராளமாகச் சொல்லலாம். ஸன்கோவை முழுக்க எடுத்துவிட்டேன். பாடமாக இருந்தது என்று சேர்க்க விரும்பினால் இரண்டாவது வாக்கியத்துக்குப் பின் ‘தொதெமொ பென்க்யோ நி நரிமஷ்த’. ‘தய்ஹென்’ ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்டது, மறுபடி வேண்டாம். மூன்று வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு விடுங்கள். எல்லாம் சொல்லி முடித்தபின் ஒரே ஒரு வணக்கம், 45 பாகை.

மின்னஞ்சலை அவருடைய கடைசி வேலை நாளுக்கு முந்தின நாள் காலையிலேயே அனுப்பிவிடுங்கள். கடைசி நாளில் மடிக்கணினியை ஒப்படைத்துவிட்டு விடைபெறும் சுற்றில் இருப்பார், படிக்காமலே போய்விடும்.